ஒரு வருசம் பொறுப்பாங்களா?

அம்பாறை
2007 மார்ச் 4

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். சாய்ந்தமருதுல உம்மா சுகம், இங்க ஹொஸ்டல்ல நானும் சுகம். டோஹா வெயில் உங்கள வாட்டாம இருக்க துஆ செய்றோம். ஏன் கடிதமே இல்ல? போனுல மூணு நிமிசம் கதைக்கிறது கதையா?

எலக்ட்ரோ மெக்கானிக்கல் படிப்பில ஒரு வருசம் முடிஞ்சுது. வகுப்பில பொம்பிளப் புள்ளைகள் நானும் வினாயகபுரத்துத் தக்சாயினியும்தான். போன கிழமை கருகின மோட்டர் ஒண்டைக் கழட்டி, பழைய கம்பியெல்லாம் வெட்டியெடுத்து, புதுக் கம்பி சுத்தி, வார்னிஷ் பூசிக் காய வச்சேன். கரண்ட் குடுத்தா சத்தமில்லாமச் சுத்துது. படிப்பிக்கிற சேர் அடுத்த மோட்டரையும் என்னட்டயே தந்தார். எனக்கு அழுகை வந்துட்டு. சுனாமியில வாப்பா மவுத்தான பிறகு சந்தோசத்துல அழுதது அண்டைக்குத்தான்.

இன்னும் ஒரு வருசம்தான் கிடக்கு.

உங்கட தங்கச்சி,
சிஹானா


டோஹா
2007 மார்ச் 25

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். புது வீட்டுக்குக் கூரை போட்டாச்செண்டு உம்மா சொன்னா. அல்ஹம்துலில்லாஹ். பொண்ணுக்குச் சீதன வீடில்லாம நம்மட ஊருல மாப்பிள்ள கிடைக்குமா? அதுக்குத்தானே இந்த மண்ணுல கிடந்து காயிறேன்.

ஆதம்பாவா மாமா ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருக்கார். சம்மாந்துறையில நெல்லு மில் வச்சிருக்கிற மஜீட். நல்ல மனிசனாம். நோன்புக்கு முந்திக் கல்யாணத்தை வைப்பம். படிப்பை நிப்பாட்டு புள்ள. மோட்டரோட மல்லுக்கட்டுற பொண்ணை எந்த மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்? இந்தச் சண்டைக்குள்ள ரோட்டுலயும் எந்த நேரம் என்ன வெடிக்குமெண்டு தெரியா. நீ பஸ்ஸேறின நாளெல்லாம் எனக்கு நெஞ்சிடிதான்.

காக்கா ஜிப்ரி


அம்பாறை
2007 ஏப்ரல் 10

அன்புள்ள காக்கா,

மாப்பிள்ளையில எனக்கொரு குறையும் இல்ல. ஒரு வருசம் பொறுப்பாங்களா எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்க. நான் கேக்க ஏலாது. உம்மா கேக்க மாட்டா. நீங்க கேட்டா அவங்க மறுக்க மாட்டாங்க. வேற ஒண்டும் உங்கட்டக் கேக்கல்ல.

சிஹானா


டோஹா
2007 ஏப்ரல் 28

தங்கச்சி,

அப்பிடிக் கேட்டா, பொண்ணுக்கு விருப்பமில்லயாக்குமெண்டு நினைப்பாங்க. சம்பந்தம் கைவிட்டுப் போயிடும். வாப்பா இல்லாத புள்ள நீ. நான் கேக்கல்ல. என்னோட கோவிக்காத.

ஜிப்ரி


டோஹா
2009 ஜூன் 2

அன்புத் தங்கச்சிக்கு,

சண்டை முடிஞ்சிட்டெண்டு இங்க ரீவியில பாத்தம். இனி ரோட்டுப் பயமில்ல.

எங்கட சைட்டுக்கு ஒரு பொம்பிள எஞ்சினியர் வந்திருக்கா, குருநாகல் புள்ள. உன்ட வயசுதான் இருக்கும். நான் பூட்டின கரண்ட் போர்டைத் திறந்து பாத்து, ரெண்டு வயரை மாத்தச் சொன்னா. மாத்திப்போட்டு வந்து படுத்தா, நீ மோட்டர் சுத்தினதை எழுதின கடிதம்தான் ஞாபகம். உன்ட படிப்பை நிப்பாட்டி உனக்கு அநியாயம் செஞ்சிட்டேன் புள்ள.

இப்ப போய்ப் படி. மஜீட் மச்சானுக்கு நான் எழுதுறேன். அவர் மறுத்தாலும் காலைப் பிடிச்சாவது கேக்கிறேன்.

காக்கா ஜிப்ரி


சாய்ந்தமருது
2009 ஜூன் 29

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சானுக்கு ஒண்டும் எழுத வேணாம். இதை உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

கல்யாணம் முடிஞ்ச கிழமை அவர் என்னட்டக் கேட்டார், "ஏன் படிப்பை விட்டாய்? மோட்டர் வேலை படிக்கிற பொண்ணெண்டு ஆதம்பாவா மாமா சொன்னதாலதான் நான் ஓமெண்டேன். மில்லுக்குப் பெரிய உதவியாயிருக்கும். ஒரு வருசமெண்டாலும் பொறுத்திருப்பேனே" எண்டு.

உங்கட பேரைச் சொன்னா உங்கள எப்பிடி மதிப்பாரோ எண்டு பயம். "எனக்குப் பிடிக்கல்ல, விட்டுட்டேன்" எண்டு சொன்னேன்.

உங்கட கடிதம் கண்டு கல்லூரியில விசாரிச்சேன். வயசெல்லை தாண்டிட்டாம். மகனுக்கும் இப்பதான் எட்டு மாசம். உங்களில எனக்குக் கோவமிருக்கு காக்கா. இல்லயெண்டு பொய் எழுத ஏலா. ஆனா வீட்டுக்கு வாங்க. உம்மா உங்களைத்தான் தேடுறா.

அவர் தங்கமான மனிசன். பிடிக்கல்லெண்டு நான் சொன்னதை அப்பிடியே நம்பிட்டார். வீட்டுல ஒரு பல்ப் போனாலும் என்னைத் தொட விடமாட்டார், வெளியாளைக் கூப்பிடுவார். நேத்து அறைக்குள்ள பேன் நிண்டு போச்சு. வந்தவன் வயரை மாத்திக் கொழுவிட்டுப் போறான். அது மறுபக்கமாச் சுத்துது, காத்து வரல்ல. ரெண்டு வயரை மாத்திப் போட்டாச் சரி. நான் மகனைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிண்டு பாத்தேன். இண்டைக்கும் அது அப்பிடியேதான் சுத்துது.

சிஹானா