உள்ளே போட்ட தாழ்ப்பாள்

உரும்பிராய், ஆவணி 1934

கீரிமலையில் தமக்கை வீட்டில் தங்கியிருக்கும் என் கணவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளையின் நெற்றிக் காயம் ஆறிவருகிறது. தழும்பு மாறாது என்கிறார் பரியாரியார்.

பொல்லுகளோடு வந்த மூன்று பேரையும் நீங்கள் தனியே நின்று விரட்டியதாகக் கீரிமலையில் கதைக்கிறார்களாம். விசாரணையில் நானும் அப்படியே சொல்லவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் எல்லை வேலியை அரை முழம் தள்ளிக் கட்டிய கோபத்தில்தான், பக்கத்துக் காணிக் கதிரித்தம்பியும் தம்பிமாரும் மத்தியானம் படலையை உடைத்துக்கொண்டு வந்தார்கள். நான் உலையில் அரிசி போட்டிருந்தேன். நீங்கள் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டீர்கள். நானும் பிள்ளையும் வெளியே நின்றோம்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையை எண்டாலும் உள்ளை எடுங்கோ" என்று கதவில் அடித்தேன்.

"சத்தம் போடாதை. நான் உள்ளை நிக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றீர்கள்.

அவர்கள் எறிந்த கல் அப்போதுதான் பிள்ளையில் பட்டது.

"எங்கையடி உன்ரை வீரன்? உன்னோடை எங்களுக்குக் கதையில்லை" என்றான் கதிரித்தம்பி. நான் கொதிக்கிற உலைப்பானையைத் தூக்கி அவன்மேல் வீசினேன். அவன் அலறியபடி ஓடினான், மற்றவர்களும் ஓடினார்கள். அதன் பிறகும் நீங்கள் நெடுநேரம் கதவைத் திறக்கவில்லை.

விசாரணையில் நான் உங்களை அவமானப்படுத்த மாட்டேன். அன்று என் புருஷன் வீட்டில் இருக்கவில்லை என்று சொல்லுவேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வீடு என் சீதனம். நீங்கள் அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்