ஒரே ஸஹனில் ஆறு வாய்

இன்று காலை மடவளையில் இறைச்சி வாங்கப் போனேன், நானா. ஒரு கிலோவை நிறுத்துக் கட்டிய கையோடு, கடைக்காரர் பெரிய கால் எலும்பு ஒன்றையும் எடுத்துப் பையில் போட்டார். "இது நானாக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் சுருங்கிவிட்டது. "கைப்பழக்கம் தங்கச்சி, மனசுல எடுக்க வேணாம்" என்று எலும்பைத் திரும்ப எடுத்து வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. என்னோடு கூடப்பிறந்த மூத்தவர் நீங்கள் மௌத்தாகி, அடக்கம் செய்து ஏழு மாதமாகிறது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இறைச்சியை இன்னும் கழுவக்கூட இல்லை.

எலும்பு உறிஞ்சுவதில் உங்களை மிஞ்ச மடவளையில் ஆள் இருந்ததா? நீங்கள் ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் பக்கத்து வீட்டுப் பூனை மதிலேறி வந்து நிற்கும். ஆனால் மற்றவர்கள் சாப்பாட்டில் சத்தம் போட்டால் மட்டும் உங்களுக்குப் பொறுக்காது. "சோத்துல அதபு வேணும்" என்று ஒழுங்கு மரியாதை படிப்பிப்பீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் குடும்பம் முழுக்க உங்கள் வீட்டில்தான். பாய் விரித்து, பெரிய ஸஹன் தட்டுகளில் சோற்றைக் குவித்து, தட்டுக்கு ஆறு பேர் சுற்றி இருந்து, ஒரே தட்டில் கையிட்டுத் தின்னுவோம். அதில் தன் பக்கத்துச் சோற்றைத் தாண்டி யாராவது கையை நீட்டினால் உங்கள் புருவம் உயரும். வாப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டில் உங்கள் புருவம்தான் சட்டம்.

அந்தச் சட்டத்தில் என் மகன் யூனுஸ் மாட்டிக்கொண்டான். அவனுக்கு ஆட்டிசம் என்று கண்டி கிளினிக்கில் சொன்னபோது வயது நான்கு. ஒன்பது வயதில், ஸஹனில் இருந்தால் வாயைத் திறந்து மென்றுகொண்டே "ம்ம்ம்ம்" என்று ஒரே சுரத்தில் முனகுவான். மெஷின் ஓடுவது போல நிற்காமல் வரும். உங்கள் மகன் ரிஸ்விக்கும் அதே வயதுதான். அவன் வட்டிலப்பத்தை உறிஞ்சினால் தெருவுக்கே கேட்கும். அதற்கு "ஆம்பிளப் புள்ள, ருசிச்சித் தின்றான்" என்பார்கள். என் மகன் முனகினால் மட்டும் ஸஹனில் இருக்கிற எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் நாக்கைச் "ச்ச்" என்று கொட்டினீர்கள். "தங்கச்சி, புள்ளக்கி தின்னப் பழக்கல்லயா? நாம என்ன மிருகமா?"

மதினி உடனே பேச்சை மாற்றி, அச்சாறை என் பக்கம் தள்ளினார். யூனுஸின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததை யாருக்கும் சொன்னதில்லை. அன்று பின்னேரம் ரொட்டி சுட்டு இருவரும் இருந்து தின்றோம். அவன் முனகத் தொடங்கினான். என் காதில் உங்கள் "ச்ச்" இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "வாய மூடித் தின்னு!" என்று அந்த வாயிலேயே அடித்தேன். புறங்கையால், நானா. உதட்டில் பல் பட்டது. அவன் அழவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய் இருந்தான். இரண்டு நாள் என் கண்ணெதிரே எதையும் தின்னவில்லை.

உங்கள் வீட்டு ஸஹனில் எங்கள் இருவருக்கும் இனி இடமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நான்கு வெள்ளிக்கிழமை வரவில்லை. அவனுடைய வாப்பா கட்டார் நாட்டில் வேலை. எனக்கென்று இருந்தது உங்கள் வீடு ஒன்றுதான், அதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை நீங்களே வந்தீர்கள். சலாம் சொல்லிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டீர்கள். யூனுஸ் தனியாக இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. முனகல் இல்லை, மெல்லும் சத்தம்கூட இல்லை. நான் அதுவரை கவனித்ததேயில்லை, ஏனென்றால் அவன் தனியாகத் தின்னும்போது நான் எப்போதும் வேறு வேலையில் இருப்பேன்.

"நீயும் இரி, தின்னு" என்றீர்கள் என்னிடம்.

நான் இருந்து ஒரு வாய் மென்றேன். அவன் முனகத் தொடங்கினான்.

"எழும்பு."

எழும்பினேன். முனகல் நின்றது.

"இரி."

திரும்பவும் வந்தது. கரண்ட் வந்ததா போனதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது போல மூன்று தரம் செய்வித்தீர்கள். கடைசியில் நீங்களும் இருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்து, உங்கள் பாணியில் உறிஞ்சினீர்கள். அவன் இரண்டு காதையும் முழங்கையால் பொத்திக்கொண்டு, பெரிதாக முனகினான்.

கையில் இருந்த முருங்கைக்காயை மெதுவாகத் தட்டில் வைத்தீர்கள். "தங்கச்சி, இவன் சத்தம் போடல்ல. எங்கட சத்தத்த மூடுறான்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டீர்கள்.

யா அல்லாஹ், டொக்டர்மாரிடம் அலைந்த எனக்குத் தோன்றாதது இந்த மனிசனுக்கு எப்படித் தோன்றியது என்று எத்தனை நாள் வியந்திருப்பேன்! மற்றவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த கண்தானே, அது நல்லதற்கும் உதவிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னை வரச் சொன்னீர்கள். வீடு நிறைய ஆள். எல்லோரும் ஸஹன்களைச் சுற்றி இருந்தாயிற்று, இன்னும் பிஸ்மி சொல்லித் தின்னத் தொடங்கவில்லை. நீங்கள் யூனுஸுக்கு முன்னால் குனிந்து, "மகன், மாமா ஒங்கள ஏசினது பிழ. பெரிய சத்தம் என்ட வாயில தான் ஈந்திச்சு. மாப்புத் தாங்கோ" என்றீர்கள். ஐம்பத்தெட்டு வயது ஆள், ஒன்பது வயதுப் பிள்ளையிடம்! ரிஸ்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நீ சிரிக்காத, ஒன்ட வட்டிலப்பச் சத்தத்த நீயே ஒருக்கா கேட்டுப் பாரு" என்று அவனுக்கும் விழுந்தது.

அன்றிலிருந்து உங்கள் எலும்பு கோழிக்கூட்டுப் பக்கம் போயிற்று. சாப்பாடு முடிந்ததும் அதை ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவீர்கள். "சொந்த வூட்டுல கள்ளன் மாதிரித் தின்றாரே" என்று மதினி சிரித்துச் சிரித்து மாய்வார். நீங்கள் அசையவில்லை. இருபது பேருக்கு முன்னால் கேட்ட மாப்பை விட, ஒவ்வொரு கிழமையும் அந்தக் கோப்பையோடு போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் மகளின் கல்யாணத்தை எப்படி மறப்பேன்? நீங்கள் சம்பந்தியோடு ஸஹனில் இருந்தீர்கள். ஆண்கள் பக்கம் இன்னொரு ஸஹனில் யூனுஸ். நான் பெண்கள் பக்கமிருந்து திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர் அவனைப் பார்த்து "ச்ச்" என்றார். அசல் உங்கள் "ச்ச்". நீங்கள் சம்பந்தியிடம் ஏதோ சொல்லிவிட்டு எழும்பி வந்து, யூனுஸுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தீர்கள். பெண்ணின் வாப்பா சம்பந்தியின் ஸஹனை விட்டு எழும்பலாமா? மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"இது என்ட மருமகன், தங்கச்சிட மகன். நாங்க மெல்லுற சத்தம் இவருக்கு நோவுது. கொஞ்சம் மெதுவாத் தின்னுவோமே, ஹாஜியார்" என்றீர்கள். அந்தப் பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டு மெல்லத் தொடங்கினார். மற்றவர்களும் அப்படியே. யூனுஸின் முனகல் இறங்கி இறங்கி, கோழிப் பொரியல் வருமுன் நின்றேவிட்டது. திரைக்குப் பின்னால் நான் அழுததை மதினி மட்டும் கண்டார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, ஒன்றை எழுத முடியாமல் எழும்பிப் போனேன். இறைச்சியைக் கழுவிச் சமைத்தேன். இப்போது லுஹர் தொழுதுவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

நீங்கள் நாக்கைக் கொட்டியதற்கு மாப்புக் கேட்டீர்கள். நான் வாயில் அடித்தவள், கேட்கவில்லை. உங்களிடமும் மறைத்தேன். சொல்லியிருந்தால் அந்த அடியையும் உங்கள் கணக்கில் போட்டுக்கொண்டு வருந்தியிருப்பீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பொய். எனக்கு வெட்கம், அவ்வளவுதான். நிறைந்த வீட்டில் நீங்கள் செய்ததை, ஆளில்லாத அடுப்படியில் செய்ய எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

யூனுஸுக்கு இப்போது பன்னிரண்டு. இன்று சமைத்து முடித்ததும் அவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்து முன்னால் இருந்தேன். என் தட்டிலும் சோறு இருந்தது, கை வைக்கவில்லை. "மகன், அண்டைக்கு ரொட்டி தின்னக்குள்ள உம்மா ஒங்கட வாயில அடிச்சன். நீங்க ஒரு பிழயும் செய்யல்ல. உம்மாக்கு மாப்புத் தாங்கோ" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தான். விளங்கியதோ இல்லையோ என்று நான் எழும்பப் போனேன். அவன் கையை நீட்டி என் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"உம்மா, தின்னுங்கோ" என்றான்.

ஒரு வாய் வைத்து மென்றேன். அவன் முனகத் தொடங்கினான். ஆனால் எழும்பிப் போகவில்லை, நானா. என் தட்டு முடியும் வரைக்கும் முனகிக்கொண்டு என்னோடேயே இருந்தான்.