சித்தப்பா பதவி

குடியாத்தம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் குமரனுக்கு, உன்னைவிட இரண்டு வயது சின்னவனான உன் சித்தப்பா சூர்யா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அண்ணன், அண்ணி, எட்டு விசைத்தறி எல்லாம் சௌக்கியம். நீயும் மருமகள் தீபலட்சுமியும் அந்த ஜெர்மனிக் குளிரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, ஏனென்றால் பதினொரு நாளாக உங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. என் நம்பர் என்றால் மருமகள் எடுப்பதே இல்லை, அண்ணன் போனில் கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் கட் செய்கிறாள், நீயோ மெசேஜைப் படித்துவிட்டு நீல டிக்கோடு நிறுத்திக்கொள்கிறாய். அதனால்தான் காகிதம். எங்கள் ஷூ கம்பெனியிலிருந்து நிசார் அஹமது மெஷின் பயிற்சிக்கு அங்கே வருகிறார், அண்ணி கொடுத்த வத்தலோடும் நாலு லுங்கியோடும் இதையும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைக் கட் செய்ய முடியாது. கிழிக்கலாம், ஆனால் யாராக இருந்தாலும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள். வீடியோவில் பார்த்தேன், நீ வெயிட் போட்டுவிட்டாய், ராத்திரி சோற்றைக் குறை. வயதில் மூத்த மகனுக்குப் புத்தி சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும், அதை ஏன் விடவேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவியின் தங்கை பூரணியை நான் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன், அவளும்தான். இரண்டு வருஷமாக ஆம்பூரில் ஒரே கம்பெனியில் இருக்கிறோம், நான் டெஸ்டிங் லேப், அவள் டிசைன் செக்‌ஷன். லேபில் நான் அவளுக்கு சூர்யா சார், குடும்ப விசேஷத்தில் அக்காவுடைய சின்ன மாமனார் என்பதால் மாமா, டீக்கடையில் வெறும் இன்னாப்பா. உன் கல்யாணத்தில் யாரோ அவளைப் பெரியவர்கள் காலில் விழச் சொல்லி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா, நான் ஐஸ்கிரீம் கப்போடு நின்றேன், அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பெரியவங்க எங்க?" என்று கேட்டாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, வேலைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு என்னைப் பிடித்தது. அன்றைக்கே பிடித்துவிட்டது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் சொன்னேன், முறை இல்லை என்றார்கள். சரி, முறை என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்குமே என்று பெரிய தாளில் இரண்டு குடும்பத்தையும் படம் போட்டுக் கூடத்தில் விரித்தேன். மகனின் மனைவி மருமகள், அவள் தங்கையும் எனக்கு மருமகள் முறை. நம் ஊரில் அக்கா மகளும் மருமகள்தான், அவளைத் தாராளமாகக் கட்டுகிறார்கள், அப்படியென்றால் இவளை ஏன் கட்டக்கூடாது என்று கேட்டேன். அண்ணன் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தாண்டா வருது, அதான் பேஜாரா இருக்குது" என்றார். அண்ணிதான் சரியான இடத்தில் கை வைத்தாள். "முறை கெடக்கட்டும். கட்டிக்கிட்டா பூரணி தீபாவுக்குச் சின்ன மாமியார் ஆய்ட்றா. தங்கச்சி ஒக்கார்ந்திருப்பா, அக்கா எழுந்து நிக்கணுமா?" என்று கேட்டாள். இதை உன் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தோம், அதற்குள் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் போனில் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் அவளுக்கு ஜட்டி தொவைச்சிப் போட்டிருக்கேன் மாமா. அவளைப் போய் அத்தைன்னு கூப்பிடணுமா? அவளுக்கு வந்திருக்கிற அரக்கோணத்து மாப்பிள்ளையையே பாக்கச் சொல்லுங்க." அதோடு வைத்தவள்தான்.

நான் அதற்கும் வழி வைத்திருந்தேன், அத்தை என்று கூப்பிட வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடட்டும் என்று ஒரு திருத்தம் தயாராக இருந்தது. அதைக் கேட்டதும் பூரணிக்குக் கோபம் வந்துவிட்டது. முதலில் அவளுக்கும் இது தமாஷாகத்தான் இருந்தது, அக்காவுக்கு வளைகாப்பு நடந்தால் அவளை மூன்று தடவை காலில் விழவைத்துத்தான் வளையல் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சிரிப்பெல்லாம் போய்விட்டது. அம்மா சாகும்போது எனக்கு ஏழு வயசு, அக்காவுக்குப் பன்னெண்டு, அவ சோறாக்கிப் போட்டுட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவா, அவளுக்கு அக்காங்கிற அந்தப் பேரைத் தவிர வேற ஒண்ணும் மிச்சமில்லை, அதையும் நான் புடுங்கிக்கணுமா, அவ வாயால சரின்னு சொல்லலன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பாவும் தீபா சொன்னால் சரி என்கிறார். ஆக என் கல்யாணம் முழுக்க உன் மனைவி கையில் இருக்கிறது. அரக்கோணத்துக்காரர்கள் இருபத்திநாலாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, குடிக்க மாட்டான், நல்ல பையன் என்று விசாரித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன புதன்கிழமை டீக்கடையில் பூரணி அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் உங்க வீட்டு வழியாவே எண்ணியிருக்கே. எங்க வீட்டு வழியா எண்ணிப் பாரு" என்றாள். எண்ணினேன். அக்காவை நீ கட்டியிருக்கிறாய், தங்கையை நான் கட்டுகிறேன், அப்படிப் பார்த்தால் நாம் சகலை, அதிலும் நீ மூத்த சகலை, எனக்கு அண்ணன். தீபலட்சுமி அண்ணி. பூரணிக்கு அவள் எப்போதும் போல அக்கா. படித்தவன், லேபில் ஒரே தோலை நாலு திசையில் இழுத்துப் பார்க்கிறவன், இதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அந்தப் பக்கத்தில் எனக்குப் பதவி பெரிசு. அதனால் சித்தப்பா பதவியை விட்டுவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் பதவியைக் குறைக்கச் சொல்லி இதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

இதை முதலில் அண்ணனிடம்தான் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு, "எம்புள்ளைக்கு நீ தம்பின்னா, நான் உனக்கு இன்னாடா ஆவுறேன்?" என்று கேட்டார். அப்பா போனபோது எனக்கு ஐந்து வயது, அதற்கப்புறம் ஸ்கூலில் அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் நீதானே போட்டே, அதுவே ஆகிட்டுப் போ என்றேன். அறுந்துபோயிருந்த ஓர் இழையை எடுத்து முடிச்சுப் போட்டார். பிறகு, "ஆர்டர் லேட்டாவுது, நவுரு" என்று தறியை ஓட்டிவிட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தை நீ படிக்காதே, தீபலட்சுமி கையில் கொடு. அம்மா, விசேஷத்தில் நீதான் முன்னால், பூரணி உனக்குப் பின்னால், நான் அவளுக்கும் பின்னால். உன்னை எழுந்து நிற்கச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் வாய் கிடையாது, நானே எழுந்து நின்றுதான் பேசுவேன். இதற்கு மேல் இறங்க எனக்குப் படி இல்லை.

சித்தப்பா என்கிற முறையில் கையில் மிச்சமிருக்கும் ஆசீர்வாதத்தை எல்லாம் உங்கள் இருவருக்கும் இப்போதே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன், பிள்ளைகுட்டியோடு நல்லா இருங்கள், இனிமேல் நீங்கள்தான் எனக்குக் கொடுக்க வேண்டும். மறக்காதே, இருபத்திநாலுக்கு முன் தீபலட்சுமியைப் போன் செய்யச் சொல். என்னோடு பேச வேண்டாம், பூரணியோடு பேசினால் போதும். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, அக்கா குரலைக் கேட்டுப் பதினொரு நாள் ஆகிறது அவளுக்கு.

தீபலட்சுமி சரி என்று சொல்லும் வரைக்கும் மட்டும்,
உன் சித்தப்பா,
சூர்யா