உன் கைப்பிடி உப்பு

காலையில் உப்பு ஜாடியின் மூடியைத் திறந்தேன். ஈர உப்பின் வாசனையோடு நீயும் வந்து நின்றாய். நீ கண்ணை மூடி நாற்பது நாளாகிறது. ஸ்ரீரங்கத்தில் நண்பர்களாய் நாம் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் சமையல் உன்னுடையது, மற்றதெல்லாம் என்னுடையது. இப்போது சமையலும் என் தலையில்தான்.

நம் அடுப்படியில் முதல் கரண்டி பெருமாள் படத்துக்கு. அதற்குமுன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. இருபது வருடம் நீ அப்படித்தான் அண்டாவை இறக்கினாய். ஒரு நாளும் உப்பு பிசகவில்லை.

எனக்குத்தான் ஒரு கடை போதாது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டாவது கடை போட ஆசை. அங்கே வேறு ஆள் சமைக்க வேண்டுமே என்று தராசு வாங்கி வந்து, நீ அள்ளிய உப்பை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் அளவு மறுநாள் இல்லை.

"ஏன்டா, தினம் ஒரு அளவா?"

"பருப்பு தினம் ஒரே மாதிரியா வேகுது? கை பாத்துக்கும். நீ சும்மா இரு."

மதியம் அண்டா காலியானதும் கவிழ்த்துவிடுவாய். சாயங்காலத்துக்கும் சமைக்கலாமே என்பேன். "அண்டாவே போதும்னு சொல்லுது, உனக்கு என்னடா?" என்று கேட்டுவிட்டு, துண்டோடு காவிரியில் குளிக்க அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விடுவாய். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், அது பொறாமை.

போன வாரம் என் மகள், தாவோ என்று சீனத்துப் பழைய வழி ஒன்றைப் பற்றிச் சொன்னாள். எளிமையாக இரு, எதையும் வலிந்து செய்யாதே, உள்ளே தோன்றுவதை நம்பு என்பதாம். "இதுக்கு சீனா வரைக்கும் எதுக்கும்மா போகணும்? நம்ம அடுப்படியிலயே ஒருத்தன் இருந்தான்" என்றேன்.

நீ போனபின் தராசை வைத்துத்தான் சமைத்தேன். ஒரு நாள் கரிப்பு, ஒரு நாள் சப்பு. தினமும் சாப்பிட வரும் பேங்க்காரர், "என்னங்க, சாம்பார் முன்ன மாதிரி இல்லையே?" என்றார். ஆடி பிறந்ததும் கடையை மூடிவிடுவது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்று தராசை எடுக்கவில்லை. பருப்பைப் பார்த்தேன், ஒரு பிடி அள்ளினேன். போடப்போன கை நின்றது, கொஞ்சத்தைத் திரும்ப ஜாடியிலேயே போட்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது. படத்துக்கு வைத்தபிறகும் வாயில் வைக்கப் பயம். அப்படியே பரிமாறினேன்.

பேங்க்காரர் குனிந்த தலை நிமிராமல், "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க" என்றார்.

இரண்டு மணிக்கு அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு நடந்தேன். வழியில் பூக்கடைக்காரம்மா கேட்டார்: "ஆடியில கடைய மூடுறீங்களாமே?"

"இல்லைங்க, தொறந்திருக்கும்" என்றேன். யோசிக்கவே இல்லை.