பேரவைத் தலைவர் அவர்களே

செவ்வாய்க்கிழமை.

புது லாட்ஜ் கட்ட எங்கள் தெருவைக் காலி செய்யச் சொல்லி லாட்ஜ்காரர் போட்ட வழக்கில், அவருக்காக இன்று வந்து நின்ற வக்கீல் எங்கள் பழைய எம்.எல்.ஏ.தான். ஓட்டுக் கேட்டு வந்தபோது, "உங்க தெருவுக்காக சட்டசபையிலயே பேசறேம்மா" என்ற அதே வாய். தேர்தலில் தோற்றதும் மறுபடி கறுப்புக் கோட்டு.

எழுந்தவர் பழக்கதோஷத்தில் நீதிபதியை, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று கூப்பிட்டுவிட்டார். கோர்ட்டே சிரித்தது.

வெளியே வந்து, "இது தொழில்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

"அஞ்சு வருஷம் சட்டசபையில உக்காந்திருந்தீங்களே சார். எங்களுக்காக ஒரு தடவை எழுந்து அப்படிக் கூப்ட்டீங்களா?"

காரில் ஏறினார். முன்கண்ணாடியில் எம்.எல்.ஏ. ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. பதவி போயும் அதைக் கிழிக்க அவருக்கு மனசு வரவில்லை. நான் மட்டும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.