அம்மா இலைக்கு ஒரு முழு முட்டை

ஈஜிபுரா, பெங்களூர் 47
ஆகஸ்ட் 1998

என் கண்ணு ரூபினிக்கு, அப்பா எழுதிக்கிறது. நான் இங்க வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்க்கிட்டு சுகமாதான் இருக்கேன், நீயும் மஸ்கட்டுல கை கால் சுகத்தோட இருக்கணும்னு தினமும் அம்மா படத்துகிட்ட சொல்லிட்டுதான் கதவைப் பூட்டுறேன். சுகம்னு எழுதணுமேன்னு எழுதினேன் கண்ணு, சுகமெல்லாம் ஒண்ணும் இல்ல. அடுகோடி லேத்து பட்டறையில இருந்து சாயங்காலம் வந்தா வீடு கம்முனு கிடக்குது. உங்கம்மா இருந்தப்ப வாசப்படி மிதிக்கும்போதே சத்தம் போடுவா, செருப்பை அங்க விடு, கிரீஸ் கையோட குடத்தைத் தொடாதேன்னு. இப்ப நான் எதை வேணா தொடலாம், கேக்க நாதி இல்ல. மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ இப்படி ஒரேயடியா போயிடுவான்னு யாரு கண்டா.

போன ஞாயித்துக்கிழமை அவளுக்குக் கறிப் படையல் போட்டோம். காரியத்துக்கும் உன்னால வர முடியல, இதுக்கும் முடியல, நீ வேலை பாக்கற வீட்டுக்காரங்க விடலேன்னா நீ என்ன பண்ணுவே. உங்க மாமன் சுந்தரேசன் ஓசூர்ல இருந்து வந்து அதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசினான், வாயை மூடுடான்னு சொல்லிட்டேன். கோழிக்குழம்பு, கருவாடு எல்லாம் பக்கத்து வீட்டு வள்ளியம்மா அக்கா ஆக்கித் தரேன்னாங்க. முட்டையை மட்டும் நான் பாத்துக்கறேன்னேன். ஏன்னு உனக்கே தெரியும். நம்ம வீட்டுல முட்டைக்குழம்பு வச்சா, உரிக்கறப்ப பிஞ்சு போனது எதுவோ அது உங்கம்மாவுக்கு, முழுசு நமக்கு. நான் எத்தனை தடவை சண்டை போட்டு என் தட்டுல இருந்ததை அவ தட்டுல வச்சிருப்பேன், தலையைத் திருப்பறதுக்குள்ள அது உன் தட்டுக்குப் போயிடும். இப்ப யாருக்கும் தள்ள முடியாது இல்ல, இந்த ஒரு தடவையாவது முழு முட்டை ஒண்ணு அவ இலையில கிடக்கட்டும்னு எனக்கு ஒரு வெறி.

அதுக்கு நான் பண்ண கூத்தைக் கேளு. மஞ்சுநாத் கடை முட்டை எத்தனை நாளா கிடக்குதோ, அது என் பொண்டாட்டிக்கு வேணாம்னு, நாட்டுக்கோழி வளக்கற முனிராஜ் வீட்டுக்குப் போய், அன்னிக்குக் காலையில போட்ட முட்டையா பாத்து சூடு ஆறாம வாங்கியாந்தேன். வேக வச்சு உரிச்சா ஓட்டோட வெள்ளையும் சேந்து பிச்சுக்கிட்டு வருது. ஒண்ணு போனா போவுதுன்னு அடுத்ததை எடுத்தா அதுவும் அப்படியே. அம்மைத் தழும்பு மூஞ்சி மாதிரி எல்லாம் தட்டுல கிடக்குது. இரும்பை நூல் பிசகாம கடையற கைன்னு எனக்குப் பேரு, ஒரு முட்டைக்கு ஆகல. அடுப்புகிட்டயே உக்காந்து அழுதுட்டேன் கண்ணு, அவளை எடுத்துட்டுப் போன அன்னிக்குக்கூட அப்படி அழுவல. வள்ளியம்மா அக்கா வந்து பாத்துட்டு, என்ன தம்பி இது, புது முட்டை ஒழுங்கா உரிபடாது, வனஜா வாங்கி நாலஞ்சு நாள் போட்டு வச்சுதானே வேக வைப்பான்னாங்க. இத்தனை வருசம் அந்தச் சோத்தைத் தின்ன எனக்கு இது தெரியல பாரு. உச்சி வேளை தாண்டுது மாமா, இருக்கறதை வச்சுக் கும்புடுங்கன்னு சுந்தரேசன் குதிக்கிறான். முடியாதுன்னுட்டு மஞ்சுநாத் கடைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் பேஜார் மாட்கோபேடி, மனசைக் கஷ்டப்படுத்திக்காதேன்னு என் தோளைத் தட்டிட்டு, அடியில கிடந்த பழைய முட்டையா பொறுக்கிக் கொடுத்தான். வெந்ததும் பச்சத் தண்ணியில போட்டு, சுத்தி லேசா தட்டி, அகலமா இருக்கற பக்கத்துல ஆரம்பிச்சு தண்ணிக்குள்ளயே உரிக்கணுமாம். அக்கா சொல்லச் சொல்ல செஞ்சேன். ஒரு கீறல் இல்லாம வந்துச்சு. நானே கொண்டு போய் அவ இலையில வச்சேன், கற்பூரம் காட்டினோம்.

அதோட விட்டுதா. படைச்ச இலையில பெத்த புள்ளதான் உக்காரணும், அது நம்ம வழக்கம். உக்கார யாரு இருக்கா, எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது, அவ இலையில வச்சதையும் உன் பக்கமே தள்ளிட்டா பாத்தியா. செத்தும் திருந்தல உங்கம்மா. உனக்குப் பதிலா நான் உக்காந்தேன். மத்தது எல்லாம் எப்படியோ உள்ள போச்சு, அந்த முட்டையை மட்டும் கடைசி வரைக்கும் ஓரமா ஒதுக்கி வச்சிருந்துதான் தின்னேன்.

அன்னிக்கு சாயங்காலம் மஞ்சுநாத் கடை போனுக்கு நீ பேசினே. சாப்பிட்டியா கண்ணுன்னு கேட்டேன். காலையில முட்டை உரிக்கறது உன் வேலைன்னும், பிஞ்சதை மேஜையில வச்சா அந்த வீட்டம்மா திட்டும், அதனால அது எனக்குத்தான்பான்னும் சொல்லிச் சிரிச்சே. கடையில நாலு பேர் நின்னாங்க, நான் சரிம்மான்னு வச்சுட்டேன். சரி இல்ல கண்ணு, வயிறு எரியுது எனக்கு. உரிக்கற விதத்தை எழுதி அனுப்பினா நீ திட்டு வாங்காம இருப்பேன்னுதான் இந்தக் கடிதாசியையே எடுத்தேன். எழுதி முடிச்சப்புறம் ஒரு பயம் பிடிச்சுக்கிச்சு, எல்லாமே முழுசா உரிஞ்சுட்டா உனக்கு ஒண்ணும் மிஞ்சாதே. அதனால அப்பா மேல எழுதினதை விட்டுடு, அந்த மாதிரி செய்யாதே.

மாரியாத்தா உன்னைக் கண்ணுல வச்சுக் காப்பாத்துவா. வெயில்ல வெறுந்தலையோட போகாதே, எப்ப விடுவாங்கன்னு கேட்டுச் சொல்லு, நான் ரயிலேறி நீ பிளேன்ல வந்து இறங்கற பம்பாய்க்கே வந்து கூட்டியாறேன். ஒண்ணு மட்டும் மறந்துடாதே தாயி, திட்டினா திட்டட்டும், தினமும் ஒரு முட்டையையாவது பிச்சுடு.

உன் அப்பா
சின்னப்பா