பிடியரிசியில் நீள அரிசி

ஜூலை 7, 2013. ஞாயிறு.

காலையிலிருந்து சாரல். கடல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் இனயம் கரையில் ஒரு வள்ளம்கூட இறங்கவில்லை.

இந்த மாதமும் பிடியரிசி சேர்க்கும் வேலை என் தலையில். வீடு வீடாக, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி டின்னில் ஒதுக்கி வைப்பார்கள். ஞாயிறுதோறும் நான் வாங்கி ரோசம்மாள் அக்கா வீட்டு டிரம்மில் கொட்டவேண்டும். இல்லாத வீட்டுக்குப் போகும் அரிசி. எந்த வீடு என்பது அக்காவுக்கும் ஃபாதருக்கும் மட்டுமே தெரியும். ஏன் இந்த ஒளிவுமறைவு? கேட்டால் அக்கா சொல்வது, "வாங்குறவியளுக்கும் மானம் உண்டும்லா மக்கா." மானமாம். டிரம்மில் பாதி எங்கே போகிறதோ.

என் டின்னில் பாஸ்மதி. மகளின் புதுநன்மை விருந்துக்கு என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சம். வண்டு விழுந்துவிட்டது. நமக்குச் சம்பாதான் இறங்கும், எறியவும் மனசில்லை. வாரம் ஒரு டின் தர்மத்துக்கு. பசிக்கிறவனுக்கு வண்டா தெரியப்போகிறது.

தேங்காய் உரிக்க ஆள் சொல்ல. மகளுக்குக் குடை.

ஜூலை 14. ஞாயிறு.

எங்கள் தெரு ஸ்டெல்லாவின் டின்னைக் கவிழ்த்தால் சம்பாவுக்குள் நீள நீளமாக வெள்ளை அரிசி. பாஸ்மதியேதான். அவள் புருஷன் அடுத்தவன் வள்ளத்தில் போகிறவன். வெளிநாட்டில் யாருமில்லை. இந்தத் தெருவில் பாஸ்மதி என் வீட்டில் மட்டும். தினமும் ரோசம்மாள் அக்கா வீட்டு முற்றம் பெருக்கப் போகிறாளே, டிரம் அங்கேதானே! எடுப்பது படி, கொடுப்பது பிடி.

அங்கேயே கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏட்டி, இந்த அரிசி ஒனக்கு எங்கேருந்து கெடச்சுது?"

"எங்க வீட்டு அரிசிதான் அக்கா."

"ஒங்க வீட்டுக்கு துபாய்லேருந்தா வருது? டிரம்முக்குள்ள கைய விட்டியா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திருட்டு முழி. சந்தேகமே இல்லை.

ஜூலை 15. திங்கள்.

அக்காவிடம் சொல்லப் போனேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"பாவி, அவளுக்குக் குடுத்ததே நாந்தானட்டி. ஒண்ணர மாசமா அவ மாப்பிள கடல்ல போகல்ல. வீட்டுல மூணு பிள்ளைய."

"பின்ன எதுக்கு டின்னுல போடுதா?"

"குடுக்கதுலேருந்தும் ஒரு பிடி எடுத்து வைக்கா. நம்ம வீட்டுலேருந்தும் போகணும்லா அக்கான்னு சொன்னா."

"எங்கிட்ட சொல்லிருக்கலாமே."

"கள்ளின்னு பேரு கேட்டாலும் கேப்பா. இல்லாதவன்னு வாயால சொல்ல மாட்டா."

அக்காவும் சேர்ந்து நடிக்கிறாளோ என்றுதான் முதலில் தோன்றியது. சீ, என்ன புத்தி எனக்கு. வண்டைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாய் வரவில்லை.

தலைவலி. மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூலை 21. ஞாயிறு.

வெயில். கடல் அப்படியேதான். என் டின்னில் இன்று சம்பா. பாஸ்மதியைக் கோழிக்குப் போட்டாயிற்று.

ஸ்டெல்லா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. படியில் ஒரு பை. சனிக்கிழமை கொடுத்ததாக அக்கா சொன்ன அதே பை. ஒரு பிடிகூடக் குறையவில்லை. கை விட்டு அளைந்து பார்த்தேன். என் நீள அரிசியும் உண்டு. ஒரு வண்டு இல்லை, ஒரு கல் இல்லை. உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறாள்.

கதவைத் தட்டினேன். "ஸ்டெல்லா, நாந்தான். இதை எடுத்துக்க மக்கா."

உள்ளே பிள்ளைகளின் பேச்சு நின்றது. திறக்கவில்லை.